நூற்றொரு கண்ணி

காஜா பேராங் சாலையில், கம்போங் செட்டிக்குத் திரும்பும் முனைக்கு நாலு கடை தள்ளி ஒரு யந்திர உதிரிப்பாகக் கடை இருந்தது. அங்கே சங்கிலி வாங்கப் போகிறவன் கையோடு பதிலையும் கொண்டுபோக வேண்டும். கடையின் விற்பனையாள் பொன்னையா, விலை சொல்வதற்கு முன் கேள்வி கேட்பார். எஞ்சின் எத்தனை குதிரைசக்தி? நிமிஷத்துக்கு எத்தனை சுற்று? சின்னச் சக்கரத்தில் எத்தனை பல்? ஒரே சீராக ஓடுகிற வேலையா, இடித்து இடித்து ஓடுகிற வேலையா? தெரியாது என்றால், "போய்ப் பார்த்துட்டு வாங்க" என்பார். வந்தவன் தூரத்துச் செமாபோக்கிலிருந்து மழையில் சைக்கிள் மிதித்து வந்திருந்தாலும் அதே பதில்தான்.

இத்தனைக்கும் மனிதர் குரலை உயர்த்தியதே கிடையாது. அதுதான் எல்லாருக்கும் இன்னும் எரிச்சல். சண்டை போட்டாலாவது சண்டை போட்ட திருப்தி கிடைக்குமே!

அவருடைய இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. மீதியை ரப்பர்த் தோட்டத்துத் தொழிற்சாலையில் ஒரு சங்கிலி எடுத்துக்கொண்டது. அதைப்பற்றிக் கேட்டால், "ஒரு அங்குலச் சங்கிலி போடவேண்டிய எடத்துல முக்கால் அங்குலச் சங்கிலி போட்டிருந்தாங்க" என்பார். வலித்ததா என்று கேட்டால் அதற்கும் அதே பதில்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு ஆகஸ்ட் மாதம், மலாய் நாட்டுச் சுதந்திரத்துக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, மசாலா மில் ராஜரத்தினம் கடைக்கு வந்தார். பொன்னையாவின் மனைவி கமலவேணிக்கு அந்த மில்லில்தான் வேலை. இடி யந்திரத்துக்கு மிளகாய் அள்ளிப் போடுவாள். அவள் உட்காரும் முக்காலிக்கு ஒரு முழ தூரத்தில் சங்கிலி ஓடும். அதற்கு மூடி ஒன்று ஒரு காலத்தில் இருந்ததாகச் சொல்வார்கள்.

"நாடே புதுசாவுது. நம்ம மில்லுக்கும் புதுச் செயின் போட்டுப் பூசை பண்ணிடலாம்னு பார்க்கிறேன்" என்றார் ராஜரத்தினம். கேட்காமலே ஒரு தாளையும் நீட்டினார். எட்டுக் குதிரைசக்தி, முந்நூறு சுற்று, சின்னச் சக்கரம் பதினாறு பல், பெரிய சக்கரம் நாற்பத்தெட்டுப் பல். எல்லாம் எழுதியிருந்தது. பொன்னையாவுக்கு ஜன்மம் சாபல்யமானதுபோல் இருந்தது.

இடிக்கிற வேலையாதலால் எட்டுக் குதிரைசக்தியைப் பன்னிரண்டாக வைத்துக்கொண்டார். ஓர் அங்குலச் சங்கிலி தாங்கும். சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். "நூறு கண்ணிண்ணே."

"நூத்தி ஒண்ணா போடு."

"நூறுதான் வருது."

"நூறு வெள்ளின்னு எவனாவது மொய் எழுதுவானா? நல்ல காரியம்யா. ஒண்ணு கூட்டிப் போடு. எஞ்சினை அரை அங்குலம் பின்னால தள்ளிக்கிறேன்."

பொன்னையா ஒரு துண்டுச் சங்கிலியை மேசைமேல் வைத்தார். "பாருங்க. உள் கண்ணி, வெளிக் கண்ணின்னு மாறி மாறி வரும். ஒத்தப்படையா வெட்டினா ரெண்டு முனையும் ஒரே மாதிரி வந்து நிக்கும். கோணல் கண்ணின்னு ஒண்ணை நடுவுல போட்டுத்தான் சேர்க்கணும். அது வளைஞ்ச தகடு. நீங்க இடிக்கிற இடிக்குத் தாங்காது."

"ஒரே ஒரு கண்ணிதானேய்யா?"

"அந்த எடத்துலதான் அறுந்துபோகும். பக்கத்துல என் சம்சாரம் உக்காருது."

"அம்மன் இருக்கா, பார்த்துக்குவா."

உள்ளேயிருந்து கடை முதலாளியான சீனத் தவுக்கே எட்டிப் பார்த்தார். "ஜுவால் சஜா!" என்றார் மலாயில். விற்றுத் தொலை என்று அர்த்தம். பொன்னையா அசையவில்லை. கடைசியில் தவுக்கேயே நூற்றொரு கண்ணி எண்ணி, கோணல் கண்ணியைத் தன் கையாலேயே பூட்டிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது பொன்னையா, "நாளையிலேருந்து மில்லுக்குப் போகாதே" என்றார்.

"ஏன், மிளகாய் தானா குதிச்சு உள்ள விழுமா?"

அவர் விளக்கினார். தட்டில் ரசத்தைத் தொட்டு உள் கண்ணி, வெளிக் கண்ணி, கோணல் கண்ணி மூன்றையும் வரைந்து காட்டினார். கமலவேணி, "சோறு ஆறுது" என்றாள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் சங்கிலிப் பேச்சுக்குக் கிடைத்துவந்த மரியாதை அதுதான். ஊரே கேட்காததை இவள் மட்டும் எங்கே கேட்கப்போகிறாள் என்று அவர் கையைக் கழுவிக்கொண்டார்.

பூசை தடபுடலாக நடந்தது. சங்கிலிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். குங்குமம் மசகெண்ணெய் ஆகாது என்று பொன்னையா சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சுதந்திரம் வந்தது, கொடி ஏறியது, ஊரே கூடிக் கும்மாளமிட்டது. பொன்னையாவுக்கு மட்டும் எதுவும் ஒட்டவில்லை. அவருக்குப் பயமாக இருந்தது. தினமும் மத்தியானம் மில் வாசலில் போய் நிற்பார். சங்கிலியின் ஒவ்வொரு சுற்றுக்கும், கோணல் கண்ணி வரும்போது ஒரு முறை 'டக்' என்று கேட்கும். உள்ளே போக மாட்டார். போனால் கமலவேணி திட்டுவாள்.

சுதந்திரம் வந்து ஒன்பதாம் நாள், மில்லில் எஞ்சின் ஓட்டும் தேவதாஸ் கடைக்கு ஓடிவந்தான். "அண்ணே, செயின் அறுந்துடுச்சு!"

மேற்கொண்டு என்ன என்று பொன்னையா கேட்கவில்லை. வாழ்நாளில் அவர் கேள்வி கேட்காத ஒரே சமயம் அதுதான். செருப்பைப் போடாமல் ஓடினார்.

மில்லுக்குள் மிளகாய்ப் புகை கண்ணைக் கரித்தது. வழக்கமாக முக்காலி கிடக்கும் இடத்தில் சங்கிலி விழுந்து கிடந்தது. பின்னாலிருந்த சுவரில் ஓர் ஆள் உட்கார்ந்தால் தலை வரும் உயரத்தில் காரை பெயர்ந்திருந்தது. முக்காலியைக் காணோம்.

எதிர்ச் சுவரோரம் யாரோ தும்மினார்கள். கமலவேணி அங்கே நின்றிருந்தாள். முக்காலி அவள் பக்கத்தில் இருந்தது. கையில் இருந்த அள்ளுகரண்டி நீளமான மூங்கில் கழியில் கட்டப்பட்டிருந்தது.

பொன்னையா குனிந்து சங்கிலியை எடுத்துப் பார்த்தார். கோணல் கண்ணி இரண்டாகப் பிளந்திருந்தது.

ராஜரத்தினத்தின் முகத்தில் ஈயாடவில்லை. "இப்ப என்னய்யா பண்றது? ஒத்தப்படையாவும் இருக்கணுமே..."

"ஒத்தப்படையை எல்லாம் பல்லுல வச்சுக்குங்க. பதினாறுக்குப் பதிலா பதினேழு. நாப்பத்தெட்டுக்குப் பதிலா அம்பத்தொண்ணு. வேகம் அதேதான், தேய்மானமும் சமமா ஆகும். எஞ்சினை ஒண்ணரை அங்குலம் முன்னால தள்ளுங்க. சங்கிலி நூறு. மேல மூடி போடணும்."

"அம்பத்தொண்ணா?" ராஜரத்தினத்துக்கு உயிர் வந்தது. "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"நீங்க சங்கிலியைத்தானே கேட்டீங்க" என்றார் பொன்னையா. ஆனால் சொல்லியிருக்க வேண்டியதுதானே என்று அவருக்கே உள்ளுக்குள் சுருக்கென்றது.

வீட்டுக்கு இருவரும் நடந்தே போனார்கள். மார்க்கெட்டைத் தாண்டியதும் பொன்னையா கேட்டார்.

"மூங்கில் யாரு கட்டினது?"

"நான்தான்."

"எப்போ?"

"நீங்க ரசத்துல படம் போட்டீங்களே, அதுக்கு மறுநாள்."

"நீ கேக்கவே இல்லன்னு நெனச்சேன்."

"பதினெட்டு வருஷமா கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். தப்பிச்சு எங்க போக?"

பொன்னையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிளகாய் நெடி என்றார். கமலவேணி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, பல்லு ஒத்தப்படையா இருந்தா தேய்மானம் சமமா ஆகும்னீங்களே, அது எப்படி?"

அவரிடம் அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு சாலையோரம் குனிந்து, மண்ணில் விரலால் ஒரு பல்சக்கரம் வரைய ஆரம்பித்தார்.