முப்பத்தொன்று இல்லாத மாதங்கள்

அலுவலகத்தில் அவருக்குத் தேதிக்காரர் என்று பெயர். நோயாளிகள் எந்த நாளில் வரவேண்டும் என்று கணக்கிட்டு, அதற்கு முதல் நாளே அவர்கள் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் மென்பொருளை அந்த அலுவலகம் விற்றது. அது நாற்பத்திரண்டு ஆஸ்பத்திரிகளில் ஓடியது. தேதிக் கணக்கு முழுவதும் அவர் எழுதியது. லீப் வருஷத்தைப் பற்றி யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் போதும், டீ ஆறிப்போகும்வரை ஆளை விடமாட்டார்.

இரண்டு தெரு தள்ளி அவருடைய அக்கா தனியாக இருந்தாள். அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவள். இடது கண்ணின் உள்ளே நீர் கசிகிறது, மாதம் ஓர் ஊசி போட வேண்டும் என்றார்கள். முதல் ஊசி ஜனவரி முப்பத்தொன்றாம் தேதி. அந்த ஆஸ்பத்திரியிலும் தம்பியின் மென்பொருள்தான். செய்தி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரியிடம் காட்டினாள். "எந்தம்பி எழுதினது. சூரியன் தப்பினாலும் இது தப்பாது."

ஜூலை முதல் வாரம் போன் செய்தாள்.

"டேய், கதவு நிலையெல்லாம் வளைஞ்சு தெரியுதுடா."

"ஊசி போட்டுக்கிட்டியா?"

"மே கடைசியில போட்டது. ஜூன்ல வரச்சொல்லலையே. பிப்ரவரியிலயும் ஏப்ரல்லயும்கூட மெசேஜ் வரல. மாசம் விட்டு மாசம்னு டாக்டர் மாத்திட்டாருன்னு நெனச்சேன். நீ எழுதினதுல தப்பு வருமா என்ன?"

பிப்ரவரி, ஏப்ரல், ஜூன். மூன்று மாதங்களையும் சொல்லிப் பார்த்தார். மூன்றிலும் முப்பத்தொன்று இல்லை. முதல் தேதி முப்பத்தொன்று என்றால், அவர் எழுதிய கணக்கு ஒவ்வொரு மாதத்திலும் முப்பத்தொன்றைத் தேடும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் அடுத்த மாதத்துக்குப் போய்விடும்.

மறுநாள் காலையே அழைத்துப்போனார். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். "தழும்பு விழுந்திருச்சு. ஊசி போடுறேன். ஆனா போன பார்வை திரும்பாது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "நான் எழுதினதுலதான்க்கா தப்பு" என்றார்.

"மாசம் ஒண்ணுன்னு எனக்கும் தெரியும்தானே? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். உன்னை நம்பி இருந்துட்டேன்" என்றாள் அக்கா. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அலுவலகம் போய் நிரலைத் திறந்தார். ஆறு வருஷத்துக்கு முன் அவரே குறித்து வைத்திருந்தார்: "31 இல்லாத மாதத்தில் என்ன செய்வது? கேட்க வேண்டும்." அப்போதே கேட்கவும் செய்தார். மேனேஜர் "கேட்டுச் சொல்றேன்" என்றார். அதோடு இருவரும் மறந்தார்கள்.

தேதி இல்லாவிட்டால் மாதத்தின் கடைசி நாள் என்று மாற்ற இருபது நிமிஷம் ஆனது. இப்படி விடுபட்டவர்கள் எத்தனை பேர் என்று பார்த்தார். இருநூற்றுப் பன்னிரண்டு. வெறும் நோயாளி எண்கள், பெயரும் போனும் அந்தந்த ஆஸ்பத்திரியில்தான். மேனேஜரிடம் ஓடினார்.

"சார், இன்னைக்கே எல்லா ஆஸ்பத்திரிக்கும் சொல்லணும்."

"பதறாதீங்க. வக்கீல் பாக்கட்டும். ஜூலை, ஆகஸ்ட் ரெண்டுக்கும் முப்பத்தொண்ணு இருக்கு. செப்டம்பருக்குள்ள பாத்துக்கலாம்."

"ஜூன் ஊசியே போடாம இருக்காங்க சார்."

"புரியுது. என் கையில இல்ல." சொல்லும்போது மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்காவின் ஆஸ்பத்திரி நர்ஸிடம் மட்டும் தானே போய்ச் சொன்னார். அவள் தேடி, ஏழு பேரைப் போனில் கூப்பிட்டாள். விஷயம் தெரிந்து அலுவலகத்தில் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். மீதி நாற்பத்தொரு ஆஸ்பத்திரிகளின் போன் எண்கள் அவர் மேஜையில்தான் இருந்தன. இரண்டு முறை ரிசீவரை எடுத்தார். இரண்டு முறையும் வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் நடுவில் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் திருத்தம் போனது. கூடவே ஒரு வரிக் குறிப்பு: "மாத இறுதித் தேதிகளில் சிறு மேம்பாடு." யாரும் எதுவும் கேட்கவில்லை.

அக்காவுக்கு இடது கண்ணில் ஓரம் மட்டும் தெரிகிறது. "கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரம்னு சும்மாவா சொன்னாங்க" என்று அவளே சிரிப்பாள். அவருக்குத்தான் சிரிக்க வராது.

செப்டம்பர் முப்பதாம் தேதிக்கு அவளுக்குச் செய்தி வந்தது. கூடவே போனார். காத்திருக்கும் அறை நிறைய ஆட்கள். கண்ணில் கட்டோடு சிலர், சுவரைத் தடவி நடப்பவர் ஒருவர். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைடா தேடுற?"

"யாரையும் இல்லக்கா."

உள்ளே கூப்பிட்டார்கள். அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினார்.