பின் கண்ணாடியைத் தொடாத டிரைவர்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டாவது வார்த்தையிலேயே இருமல் வந்துவிடும். இருபது வருடமாக வேன் ஓட்டுகிறார். ஒரு கம்பெனி ஆட்களைக் காலையில் ஏற்றிப் போய், சாயங்காலம் கொண்டுவந்து விடும் வேலை. முன் கண்ணாடியை ஊதி ஊதித் துடைப்பார். பின் கண்ணாடிப் பக்கம் கையே போகாது.

"முன் கண்ணாடி டிரைவருக்கு, பின் கண்ணாடி கிளீனருக்கு. அதான்டா தொழில் மரியாதை" என்பார்.

கிளீனரை முதலாளி நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. இவர் மட்டும் அந்த மரியாதையை விடவில்லை.

மழைக்காலத்தில் சக்கரம் வாரியடிக்கிற சேறெல்லாம் அந்தக் கண்ணாடியில்தான் வந்து அப்பும். இரண்டு மூன்று நாள் விட்டால் சுவர் மாதிரி ஆகிவிடும். பின்னால் ஒன்றும் தெரியாமல் ரிவர்ஸ் எடுத்து இரண்டு தடவை இடித்துவிட்டார். "இன்னொரு தடவை இடிச்சா சாவியக் குடுத்துட்டுக் கிளம்பிடுங்க" என்றார் முதலாளி. அக்கா வீட்டில் அந்த ஒரு சம்பளம்தான்.

அக்கா சொல்லிப் பார்த்தும் மனிதர் துணியை எடுக்கவில்லை. மூளையைக் கசக்கினார். கூரையின் பின்விளிம்பில் வளைந்த தகடு ஒன்றை வைத்தால் காற்று கீழே இறங்கிச் சேற்றைத் தள்ளிவிடுமாம். வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிற நான்தான் அதைப் பற்றவைத்துக் கொடுத்தேன், தலையெழுத்து!

மறுநாளிலிருந்து கண்ணாடி பளபளவென்று இருந்தது. ஸ்டாண்டில் ஒரு டிரைவர் பாக்கியில்லாமல் எல்லாரையும் இழுத்து வந்து காட்டினார். "எல்லாம் காத்து வேலைடா! துணி எதுக்கு?"

காற்றாவது கத்தரிக்காயாவது. காலையில் பட்டறைக்குப் போகும் வழியில் பார்த்தேன். அவர் வீட்டுக்குள்ளே குறட்டை விட, அக்கா வாசலில் நின்ற வேனுக்குப் பின்னால் ஸ்டூல் மேல் ஏறி ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமாகிட்ட சொல்லிடாதடா. அவருக்கும் சந்தோஷம், வேலையும் நிலைக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒன்றரை மாதம் இப்படியே ஓடியது. ஒரு காலை ஸ்டூல் வழுக்கி, அக்காவின் வலது கை முறிந்தது. வாசலில் சறுக்கியதாக அவரிடம் சொல்லிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "கட்டுப் பிரிக்கிற வரைக்கும் நீ கொஞ்சம் துடைச்சு விடுடா."

"அவர் வேன், அவர் துடைக்கட்டும். நான் என்ன அவருக்குக் கிளீனரா?" என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் மாமா ரிவர்ஸ் எடுத்து, வேனை முதலாளி வீட்டு மதில்சுவரிலேயே கொண்டுபோய்ச் சாத்தினார். சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர், "தகட்டை ரெண்டு இஞ்ச் இறக்கி வச்சிருக்கணும்" என்றார்.

அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "தகடு இல்லங்க. தினம் நான்தான் துடைச்சேன். கை உடைஞ்சதும் அதுலதான்."

அவர் அவளைக் கேட்டார், "கிளீனர் வேலையெல்லாம் நீ எதுக்குச் செஞ்ச?"

தூ, இதெல்லாம் ஒரு ஜென்மமா என்று எழுந்தேன். அக்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"உன்னையும் ஒரு துணியத்தானேடா எடுக்கச் சொன்னேன்" என்றாள்.