பாட்டு இழுக்குது

என் தங்கச்சி வீட்டுக்காரருக்குத் தெருவில் ‘பொத்தான்’ என்று பெயர். தையல்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். லிஃப்ட் மெக்கானிக். பகலெல்லாம் லிஃப்ட் பொத்தான், வீட்டுக்கு வந்தால் கையில் வைத்து ஆடுகிற பழைய வீடியோ கேம் பொத்தான். சட்டைப் பையைத் துழாவினால் குட்டிக் குட்டி ரப்பர் பொத்தான்கள்தான் வரும். சட்டையில் மட்டும் எப்போதும் ஒன்று குறையும்.

நான் இரும்பு கேட் அடிக்கிறவன். பள்ளிக்கூடத்தில் ரொம்ப நாள் உட்காரவில்லை. மாப்பிள்ளை செய்கிற வேலையை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். யாரோ ஆடித் தீர்த்துத் தூக்கிப்போட்ட கேம் மெஷினை வாங்கி வருவார். கழற்றுவார், துடைப்பார், செத்துப்போன உறுப்பையெல்லாம் எடுத்துவிட்டு அந்தக் கூட்டுக்குள் உள்ளங்கையில் பாதியளவு ஒரு கம்ப்யூட்டர் போர்டைத் திணிப்பார். அதில் லினக்ஸை ஏற்றுவார். லினக்ஸ் என்றால், கம்பெனிக்காரன் பூட்டிக் கொடுக்காத மூளை என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், பிடிக்காததை மாற்றலாம். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து சரசரவென்று ஓடும். அதைப் பார்த்து அவர் சிரிப்பார். அவரைப் பார்த்து நான் முறைப்பேன்.

ஒருமுறை ஆர்வக்கோளாறில் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸை ஏற்றப்போய், கல்யாணப் படம் மொத்தத்தையும் அழித்துவிட்டார். முகம் வெளிறி நின்றவரிடம், பரவாயில்லை, அதில் நீங்கள் ஒன்றும் அழகாக இல்லை என்றாளாம் என் தங்கச்சி. அவள் வாய் அப்படி.

மருந்துக் கடையில் வேலை அவளுக்கு. மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டுகிற வேகத்தில் பேசவும் செய்வாள். சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து ஒரே மெஷினில் மாறி மாறி ஆடுவார்கள். பின்னால் பாட்டு ஒலிக்க ஒரு குருவி ஓடும், பள்ளம் வந்தால் தாண்ட வேண்டும். இடது கட்டைவிரல் ஓட்டும், வலது கட்டைவிரல் குதிக்க வைக்கும். விழுந்தால் அடுத்தவர் முறை. மாப்பிள்ளை சீக்கிரம் விழுந்துவிடுவார். அவள் கையில் போனால் மெஷின் திரும்பி வராது. செஞ்சவருக்கு ஆடத் தெரியலையே என்று ஊரைக் கூட்டிச் சிரிப்பாள்.

அவளுக்குத்தான் பக்கவாதம் வந்தது. கடையில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். பேச்சு திரும்பியது. ஊன்றுகோலோடு நடையும் திரும்பியது. வலது கை திரும்பவில்லை. ஆறு மாதமாக யாரோ கொடுத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது.

அதற்குப்பிறகு அவள் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். மாப்பிள்ளை மெஷினை மடியில் வைத்தால், நீங்களே ஆடுங்கள் என்று தள்ளி வைத்துவிடுவாள். அவரும் ஆடவில்லை. என் பட்டறைக்கு வந்து இரும்புக் குழாய் மேல் உட்கார்ந்திருப்பார். ஒருநாள் சொன்னார்.

“அவ என்னைத் திட்டி எவ்வளவு நாளாச்சு தெரியுமா மச்சான்?”

எந்தப் புருஷன் இப்படி ஏங்குவான்? இந்தாளு வேலையைக் கெடுக்கிறாரே என்று எரிந்து விழுந்து சமாளித்தேன்.

அவர் வந்தது வேறு காரியமாக. மெஷினின் முதுகில், இடது பக்கம், ஆள்காட்டி விரல் போய் உட்காருகிற இடத்தில் ஓட்டை வேண்டும். என்னிடம் இருப்பதெல்லாம் கேட்டுக்குத் துளை போடுகிற டிரில். பிளாஸ்டிக் பிளந்துவிடும் என்று சொல்லி, கம்பியைக் காய்ச்சிப் பக்குவமாக இறக்கிக் கொடுத்தேன். அங்கே ஒரு பொத்தானை வைத்தார். லினக்ஸுக்குள் போய், குதிக்கிற வேலையை அந்தப் பொத்தானுக்கும் கொடுத்தார். இடது கை ஒன்றே போதும். கூடவே ஆட்டத்தின் வேகத்தையும் குறைத்தார். கொஞ்சூண்டுதான், அவளிடம் சொல்லிவிட வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது அவள் ஆடிக்கொண்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, குருவி ஒரு பள்ளத்தையும் விடவில்லை. மாப்பிள்ளை கை தட்டினார், என்னையும் தட்டச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்தாள்.

“பாட்டு இழுக்குது.”

பேட்டரி கம்மியாக இருக்கும் என்றார் மாப்பிள்ளை.

“இது என்ன டேப் ரெக்கார்டரா? பேட்டரி கம்மியானா அணைஞ்சு போகும். உங்ககூட இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், அதுகூடவா தெரியாது?” மெஷினைக் கீழே வைத்தாள். “வேகத்தைக் குறைச்சிருக்கீங்க.”

உனக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான், என்று முணுமுணுத்தார்.

“எல்லாரும் எங்கிட்ட மெதுவாத்தான் பேசுறாங்க. இதுவுமா?”

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தவில்லை.

எனக்குச் சமாதானம் பேசத் தெரியாது. வேகத்தை ஏற்றுங்கள் என்றேன். ஏற்றினால் முதல் பள்ளத்திலேயே விழுவாள், மறுபடியும் ஜன்னலுக்கே போய்விடுவாள் என்று பயந்தார்.

“விழட்டும் மாப்ளே. விழறது அவ. உங்களுக்கென்ன?”

மெஷினை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கறுப்புத் திரையைத் திறந்து ஒரே ஒரு வரியை அழித்தார். மெஷினை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாட்டு துள்ளிக்கொண்டு வந்தது. உடனே விழுகிற சத்தம். மறுபடி பாட்டு, மறுபடி சத்தம். கட்டைவிரல் ஓட்டுகிற நேரத்தில் ஆள்காட்டி விரல் பிந்துகிறது போல. எட்டிப் பார்த்தேன். அவள் கட்டிலில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிறாள். அவர் நிலைப்படியில் நிற்கிறார். குருவி விழும்போதெல்லாம் இவர் உடம்பு தூக்கிப்போடுகிறது. அப்புறம் பாட்டு நின்றுவிட்டது. நானே ஆப்பு வைத்துவிட்டேனோ?

“சும்மா பாத்துக்கிட்டே நிக்காதீங்க” என்றாள். “இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. நான் ஓட்டுறேன். நீங்க குதிக்க வையுங்க.”

அவர் அவளுடைய வலது பக்கம் ஒட்டி உட்கார்ந்தார். மெஷினின் ஒரு பாதி அவள் கையில், மறுபாதி இவர் கையில். நான் போட்டுக்கொடுத்த ஓட்டைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பாட்டு கிளம்பியது. முதல் பள்ளத்தில் இவர் பிந்தினார்.

“அமுக்கச் சொன்னா, லிஃப்ட்டு வரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கீங்களா?”

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மண்டையை ஆட்டி ஆட்டித் திட்டை வாங்கிக்கொண்டார். அடுத்ததில் அவசரப்பட்டார், அதற்கும் வாங்கினார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

போன வாரம் ஜன்னல் கம்பிக்கு அளவெடுக்கப் போனேன். வாசலிலேயே அவள் குரல் கேட்டது. “உம்” என்றாள். கொஞ்சம் விட்டு, “உம்.” எப்போது அமுக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்கிறாள். ஒவ்வொரு உம்முக்கும் டக்கென்று பொத்தான் சத்தம். மணியை அடிக்கப்போன விரலை எடுத்துக்கொண்டேன். நடுவில் கூப்பிட்டு அந்தப் பாவத்தை யார் சுமப்பது? சுவரில் சாய்ந்து நின்றேன். ரொம்ப நேரம் போனது. குருவி பொத்தென்று விழுந்து, “யாரால போச்சு?” என்று அவள் ஆரம்பித்த பிறகுதான் மணியை அடித்தேன்.