பதினோராம் பக்கத்து வரி

சியாங் மாயில் மலையடிவாரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மாதத்தின் இரண்டாம் புதன்கிழமை ஐந்து டாக்டர்களும் ஒரு வக்கீலும் ஒரு சிவப்பு வண்டிக்காகக் காத்துக் கிடப்பார்கள். பின்னால் இரண்டு நீள பெஞ்சு போட்ட அந்த வண்டியை ஓட்டுகிறவள் பிகுன். வயது நாற்பத்தாறு. பதினெட்டு வருஷமாக ஊர் ஜனங்களை ஏற்றி இறக்குகிறாள். மனிதர்களை வைத்து எந்த ஆராய்ச்சி செய்வதானாலும் அங்கே நெறிமுறைக் கமிட்டி கூடி அனுமதி தரவேண்டும். மருத்துவம் படிக்காத வெளியாள் ஒருவர் உட்காராவிட்டால் கமிட்டி கூடியதே செல்லாது. அந்த வெளியாள்தான் பிகுன். அவள் சந்தை முனை நெரிசலில் மாட்டிக்கொண்டால், உள்ளே ஆறு பேருடைய காபியும் ஆறிப்போகும்.

கமிட்டித் தலைவி டாக்டர் சுமாலி இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வண்டியில் ஏறியதால் வந்த வினை இது. "மருந்துச் சீட்டுல நீங்க எழுதறது உங்களுக்காவது புரியுதா டாக்டர்?" என்று பிகுன் ஆரம்பித்தாள். இறங்கும்வரை விடவில்லை. இப்படிக் கேட்கிற ஆள்தான் வேண்டும் என்று சுமாலி முடிவு செய்துவிட்டார்.

நோயாளி கையெழுத்துப் போடுகிற சம்மதப் படிவம் சாதாரண மனுஷருக்குப் புரிகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. முதல் படிவம் வந்ததும் அவள் செய்த காரியத்தை ஆஸ்பத்திரியில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தி, பின்பக்கத்து ஜன்னலைத் திறந்து, பெஞ்சில் இருந்த புத்த பிட்சு, காய்கறிக்காரிகள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டிவிட்டாள். கூட்டத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து அறிக்கையும் கொடுத்தாள்.

"ஏழு பேர்ல அஞ்சு பேருக்குப் புரியல. சாமியாருக்குப் பாதி புரிஞ்சுது."

சுமாலி தலையில் கை வைத்துக்கொண்டார். "அது ரகசியம் பிகுன்! யாருக்கும் காட்டமாட்டேன்னு கையெழுத்துப் போட்டியே!"

"தாள யாரும் பாக்கலையே டாக்டர். வாயாலதானே படிச்சேன்."

அன்றிலிருந்து கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, தனியாகத்தான் படிப்பாள். பின்னால் வருவதைப் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே தொங்குகிற மல்லிகைச் சரம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும்.

இந்தத் தடவை வந்தது டாக்டர் வசின் எழுதிய படிவம். கருத்தரிப்புப் பிரிவில் இருக்கிற இளவயது டாக்டர். ஆய்வகத்தில் வளரும் மனிதக் கருவின் மரபணுவைத் திருத்தப் பார்க்கிறார். தாய்க்கும் தகப்பனுக்கும் தலசீமியா ரத்தக் குறை மறைந்திருந்தால் நாலு கருவில் ஒன்றுக்கு நோய் முழுசாக வந்துவிடும் அல்லவா, அந்த நோயைக் கருவிலேயே சரிசெய்ய முடியுமா என்று பார்க்கும் ஆராய்ச்சி. பதினான்கு பக்கம். பிகுன் தூங்குமூஞ்சி மரத்தடியில் வண்டியை நிறுத்திப் படித்தாள். பதினோராம் பக்கத்தில் ஒரு வரி அவளை இழுத்துப் பிடித்தது.

"திருத்தப்பட்ட கருக்கள் பதினான்காம் நாளுக்குள் அவதானிப்பு நிறைவுற்றபின், கருப்பையில் பதித்தலுக்கு உட்படுத்தப்படாது அகற்றப்படும்."

மூன்று தடவை உரக்கப் படித்தாள். பிறகு தன் பாஷையில் சொல்லிப் பார்த்தாள். திருத்துவார்கள், பார்ப்பார்கள், வயிற்றில் வைக்காமலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். தாளை மடித்து வைத்தவள் வண்டியைக் கிளப்பவில்லை.

காரணம் அவளுடைய தங்கை லம்துவன். அவளும் அவள் புருஷன் இன்கேவும் அந்தக் குறையைச் சுமக்கிறவர்கள். ஒரு பிள்ளை ஏழாம் மாதம் வயிற்றிலேயே போய்விட்டது. பிறகு ஊசி ஊசியாகப் போட்டு, கடைசியில் இரண்டே இரண்டு கரு தங்கி, ஆஸ்பத்திரியில் உறைய வைத்த டப்பாவில் இருக்கிறது. இரண்டுக்குமே நோய் முழுசாக இருந்தது. இன்னொரு தடவை உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். இனிமேல் இல்லை என்று அழுது முடித்தவள்தான், போன மாதம் டாக்டர் வசின், "இந்தக் குறையைத் திருத்தற ஆராய்ச்சி ஒண்ணு வரப்போகுது, விருப்பம்னா பேரு குடுங்க" என்றதும் முதல் ஆளாகப் பேர் கொடுத்திருக்கிறாள். திருத்திய பிறகு என்ன செய்வார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மத்தியானம் பிகுன் தங்கையின் கடைக்குப் போனாள். சந்தையில் மசாலா அடைத்த பன்றித் தொத்திறைச்சி சுட்டு விற்கிறாள் லம்துவன். அக்காவைக் கண்டதும் அடுப்பை விட்டுவிட்டு, பலகைக்கு அடியிலிருந்து ஒரு வெள்ளை நூல்கண்டை எடுத்துக் காட்டினாள்.

"கோயில்ல ஓதி வாங்கிட்டு வந்தேங்க்கா. பொறந்து ஒரு மாசத்துல கட்டணும்ல?"

பச்சைக் குழந்தையின் உயிர் வழி தெரியாமல் அலையாதிருக்க, பெரியவர்கள் வாவென்று கூப்பிட்டு மணிக்கட்டில் கட்டுகிற நூல் அது.

"கரு டப்பாவுல இருக்கு, அதுக்குள்ள நூலா? அடுத்து பள்ளிக்கூடத்துல எடம் பிடிச்சிருவ போல."

"நீ மட்டும் கமிட்டில கையத் தூக்கிரு. மத்தத நான் பாத்துக்கறேன்."

பிகுனுக்கு வாய்வரை வந்தது. ஆனால் கையெழுத்துப் போட்டிருக்கிறாளே. சொல்லாமல் விட்டால் என்ன, இன்னும் இரண்டு மாதமாவது இவள் இப்படிச் சிரித்துக்கொண்டிருக்கட்டுமே என்றும் தோன்றியது. அந்த நினைப்பு வந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. மூன்று தொத்திறைச்சியைப் பேசாமல் தின்றாள். அவள் பேசாமல் தின்றதைப் பார்த்தே லம்துவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நல்லவேளை, கடையில் கூட்டம்.

புதன்கிழமை பிகுன் நேரத்துக்கு முன்பே போய் உட்கார்ந்தாள். டாக்டர்களுக்கு ஆச்சரியம்.

"டாக்டர் வசின் படிவத்துல நான் வாயத் தொறக்கக் கூடாது. என் தங்கச்சி அந்த ஆராய்ச்சிக்குப் பேரு குடுத்திருக்கா. வெளில போயிடறேன்" என்றாள்.

"நீங்க போனா கூட்டமே நடக்காதே!" என்றார் வக்கீல்.

"நடக்காதுதான். அதுக்கு நான் என் தங்கச்சிக்கு அக்காவா இல்லாம இருக்க முடியுமா?"

சுமாலி காலண்டரைப் பார்த்தார். "சரி. அடுத்த மாசம் வேற வெளியாளைக் கூப்பிட்டு வெச்சுக்கலாம்" என்று தாள்களை மூடினார்.

வண்டிக்குப் பின்னாலேயே வசின் ஓடி வந்தார். ஒரு மாதம் தள்ளிப்போன கடுப்பு முகத்தில் தெரிந்தது. "என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?"

"ஏறுங்க" என்றாள் பிகுன். முன்சீட்டில் ஏறினார். "உள்ள என்ன எழுதியிருக்குன்னு நான் அவகிட்ட சொல்லக்கூடாது. நீங்க சொல்லலாம்ல? அவ புள்ளைக்கு நூல் வாங்கி வெச்சிருக்கா டாக்டர்."

"திருத்தற ஆராய்ச்சின்னு மட்டும்தானே சொன்னேன்!"

"மிச்சத்த அவளே போட்டு நெரப்பிக்கிட்டா. புள்ள இல்லாதவ வேற எப்படிக் கேப்பா?"

வண்டி பழைய கோட்டை அகழி ஓரமாகப் போனது. கொஞ்ச தூரம் போனபின் பிகுன் தன் மனதில் இருந்ததையும் கேட்டுவிட்டாள். "ஏன், நெசமாவே திருத்தி உள்ள வெச்சாத்தான் என்ன?"

"மரபணுவுல கத்தரிக்க வேண்டிய எடத்துல மட்டும்தான் கத்தரிச்சேன்னு எனக்கே முழுசாத் தெரியாதுக்கா. தப்பா ஒரு எடத்துல பட்டிருந்தா, அந்தப் புள்ளைக்கு இருபது வயசுல தெரியவரும். அது பெத்துக்கற புள்ளைக்கும் போகும்."

"பிரேக் மாத்தினா மலைல ஏறி எறங்கி ஓட்டிப் பாத்துட்டுத்தான் நான் ஆள் ஏத்துவேன். இதுல ஓட்டிப் பாக்கறதுக்கே ஒரு புள்ளையப் பெக்கணும், அதானே?"

"அதான்க்கா."

"உங்களுக்கு பயமா?"

"ரொம்ப."

அந்த ஆளை அவளுக்கு அப்போதுதான் பிடித்தது.

சந்தையில், புகைக்கு நடுவில் நின்று, வசின் எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை ஒரு பெரிய வார்த்தைகூட இல்லை. லம்துவன் இடுக்கியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"ஒரே ஒரு தடவ வெச்சுப் பாருங்க டாக்டர். எப்படிப் பொறந்தாலும் நான் வளத்துக்கறேன்."

"நீங்க வளப்பீங்க. வலி வந்தா அது அந்தப் புள்ளைக்குத்தானே? அதுகிட்ட நான் சம்மதம் கேக்கலையே."

"உங்கம்மா உங்ககிட்ட கையெழுத்து வாங்கிட்டா பெத்தாங்க?"

பக்கத்துக் கடைக்காரி கூட வியாபாரத்தை நிறுத்திவிட்டாள்.

"இல்ல. நீங்க கேக்கறது நியாயம்தான்" என்றார் வசின். "ஆனா எங்கம்மா என்மேல கத்தரி வெக்கலையே. வெக்கப்போறவன் நான். நாளைக்கு அந்தப் புள்ள வந்து ஏன்டா பண்ணேன்னு கேட்டா, சொல்றதுக்கு எங்கிட்ட இன்னிக்குப் பதில் இல்ல."

லம்துவன் அடுப்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அக்காவிடம் ஒரு மாதம் பேசவில்லை. ஆனால் புதன்கிழமை தோறும் இன்கேவ் வழியாகத் தொத்திறைச்சி வந்தது. அதில் மிளகாயை இரண்டு மடங்காகப் போட்டிருந்தாள். பிகுன் கண்ணில் நீர் வழிய ஒன்றுவிடாமல் தின்றாள். அவளுக்கு அது உரிய தண்டனையாகத்தான் பட்டது.

அடுத்த கூட்டத்துக்கு ஆஸ்பத்திரி எதிரில் முடி திருத்துகிற கம்மூன் வெளியாளாக வந்தார். வசின் படிவத்தை மாற்றி எழுதியிருந்தார். பதினோராம் பக்கத்து வரி முதல் பக்கத்து உச்சிக்கு வந்திருந்தது: "இந்த ஆராய்ச்சியிலிருந்து எந்தக் குழந்தையும் உங்கள் வீட்டுக்கு வராது." கம்மூன் ஒரே மூச்சில் படித்துவிட்டு, "இது எனக்கே புரியுதே" என்று வருத்தப்பட்டாராம், கேள்வி கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்று. அனுமதி கிடைத்தது.

மறுநாள் பிகுனின் வண்டி பெஞ்சில் லம்துவன் வந்து உட்கார்ந்தாள், வாடகை வண்டியில் ஏறுகிற ஆள் மாதிரி. "ஆஸ்பத்திரி" என்றாள்.

பாதி வழியில் பின்பக்கத்து ஜன்னலைத் தட்டினாள். "டப்பாவுல சும்மா கெடக்கறதுக்கு, ரெண்டும் அந்தாளுக்கு ஏதாவது கத்துக் குடுத்துட்டுப் போகட்டும்க்கா. எவளோ ஒருத்தி வீட்டுக்காவது புள்ள வரும்ல?"

பிகுனுக்கு ரோடு மங்கலாகத் தெரிந்தது. "மொளகாய் கொஞ்சம் கம்மி பண்ணுடி" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் அக்காவோடு வசினின் மேஜைமுன் உட்கார்ந்து, லம்துவன் முதல் பக்கத்து வரியை விரல் வைத்துப் படித்தாள். கையெழுத்துப் போட்டாள். பிறகு பையிலிருந்து நூல்கண்டை எடுத்தாள்.

"போறதுக்கு முன்னாடி ரெண்டுக்கும் கட்டணும். எங்க கட்டறதுன்னுதான் தெரியல. அதுங்களுக்குக் கை ஏது?"

வசின் சட்டைக் கையை மடித்து, இரண்டு மணிக்கட்டையும் மேஜைமேல் நீட்டினார்.

"அதுங்களத் தொடப்போறது இந்தக் கைதான்."

லம்துவன் வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று கட்டினாள். வா, அலையாம வந்து சேரு, பயப்படாதே என்று இரண்டு தடவை தனித்தனியாகக் கூப்பிட்டாள். முடிச்சுப் போட்டதும், "மூணு நாளைக்காவது கழட்டக்கூடாது டாக்டர்" என்று கண்டிப்பாகச் சொன்னாள்.

அதற்கடுத்த மாதக் கூட்டத்தில் பிகுன் மறுபடி தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு ஏதோ விஷயமாக வசின் எழுந்து பேசினார். பேச்சுவாக்கில் கையை உயர்த்தியபோது சட்டைக் கை விலகியது. அழுக்கேறிப்போன இரண்டு நூலும் அப்படியே இருந்தன.