பில்பாவோவில் நின்றுகொண்டேதான் சாப்பிடுவேன்

இன்று எங்கள் வீட்டுப் பக்கம், பியர்பொன்ட்ஸ் போகும் பஸ்ஸில், எங்கள் மாதா கோயிலில் பாட்டுக்குழு நடத்தும் அண்ணையும் அவர் மனைவியும் எனக்கு முன்சீட்டில் இருந்தார்கள்.

"லீவுக்கு எங்கை பிள்ளை போறாய்? லூர்து மாதாவிட்டையோ?"

"அங்கை பேந்து போவன் அண்ணை. முதல்ல ஸ்பெயினில பில்பாவோ. சாப்பிடத்தான் போறன்."

அந்த ஊரில் மாலையில் ஒரே கடையில் உட்கார்ந்து வயிறு நிரப்புவது வழக்கமில்லை என்று விளக்கினேன். பாரில் பாண் துண்டுகளின் மேல் இறாலோ நெத்தலியோ வைத்து அடுக்கியிருப்பார்கள். நின்றபடியே ஒன்றைத் தின்று, சின்னக் கிளாஸில் வைன் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்க வேண்டும்.

அண்ணையின் முகம் மாறிவிட்டது.

"பொம்பிளைப் பிள்ளை தனிய, கடை கடையாய் நிண்டு குடிக்கிறதோ? சனம் என்ன கதைக்கும்?"

"நத்தாருக்குக் கரோல் பாட வீடு வீடாய்ப் போறியள். ஒவ்வொரு வீட்டிலையும் நிண்டபடி ஒரு துண்டு கேக், ஒரு கிளாஸ் வைன். அப்ப சனம் என்ன கதைச்சது அண்ணை?"

"அது பாலன் பிறப்பு!"

அவர் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "கடைசி வீட்டில இவர் பாட்டையே மறந்துபோனார், பிள்ளை."

டிக்கெட் எடுத்தாயிற்று. தனியாகத்தான் போகிறேன்.

பில்பாவோவில் எந்தக் கடை இறால் நல்லது என்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். சனம் என்ன கதைக்கும் என்று எழுத வருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் கவனம்: போன நத்தார் கரோல் வீடியோ முழுவதும் என் போனில் இருக்கிறது.