விளிம்பில் வைத்த எண்ணெய்

சோதனையைக் கெடுத்தவன் நான்தான். பழியைச் சுமந்தவள் மெஹ்ரூன். இந்த இரண்டு வரிகளைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதையும் அவளிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்... நான் எப்பேர்ப்பட்ட கோழை என்பதை இதிலேயே கண்டுகொள்ளுங்கள்!

நாங்கள் இருவரும் மலேசியாவின் கோலசிலாங்கூர்க்காரர்கள். நான் செம்பனைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். அவளுடைய வாப்பா ஆற்றோரம் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். ஒரே பள்ளி, ஒரே பல்கலைக்கழகம், கடைசியில் ஒரே ஆய்வுக்கூடம். கணக்கில் அவள் என்னைவிடக் கெட்டி.

எங்கள் ஆய்வு திரவப் பாலம் பற்றியது. இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு துளித் தேனை வைத்து மெல்லப் பிரித்துப் பாருங்கள். நடுவில் சிறு தூணாய் நிற்கிறதல்லவா? அதுதான். தேனுக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய். விரல்களுக்குப் பதில் இரண்டு சிறிய உலோகத் தட்டுகள். ஒரு தட்டைச் சூடாக்குவோம்.

தரையில் அந்தத் தூணுக்குத் தன் எடையாலேயே தொந்தி விழும். சூடான திரவம் மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும். ஈர்ப்பு குறைந்தால் இந்த ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். ஆனால் திரவம் அப்போதும் ஓடும்! சூடான பக்கத்தில் மேற்பரப்பின் இழுவிசை தளர்கிறது. குளிர்ந்த பக்கம் அதைத் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது. திரவம் நடுவழியாகத் திரும்பி வருகிறது. சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தச் சீரான ஓட்டம் தடுமாறி அலையத் தொடங்கும். அந்தத் தொடக்கத்தைக் கண்ணால் காணவே ஆசைப்பட்டோம். வானில் ஏறி இறங்கி, சில விநாடிகள் எடையை மறையச்செய்யும் விமானம் ஒன்றில் எங்கள் குழுவுக்கு இடம் கிடைத்தது.

ஊசிக்குழாயால் எண்ணெயைச் செலுத்திப் பாலம் கட்டுவது மெஹ்ரூனின் வேலை. தட்டுகளைத் தயார் செய்வது என்னுடையது. தட்டின் விளிம்பில் எண்ணெய் ஒட்டாத பூச்சு ஒன்று பூசவேண்டும். இல்லையேல் எண்ணெய் விளிம்பைத் தாண்டி வழிந்துவிடும். நானே பூசினேன். "யாரும் கை வெச்சிறாதீங்க லா!" என்று எல்லாரையும் விரட்டியவனும் நானே.

புறப்படும் நாளில் அம்மா ஒரு சின்னக் குப்பியைக் கையில் திணித்தார். மாதா கோயிலில் மந்திரித்த தேங்காயெண்ணெய். எங்கள் வீட்டில் புது லோரி வாங்கினாலும் சரி, பரீட்சைக்குப் போனாலும் சரி, முதலில் அந்த எண்ணெயில் ஒரு சிலுவை போட்டாக வேண்டும்.

"நெத்தியில வெச்சுக்கய்யா. அந்த மிசினுக்கும் ஒரு தொட்டு வெய்யி. மாதா பாத்துக்குவா."

வைத்தேன்! விமானம் ஏறும் காலையில், யாரும் அருகில் இல்லாதபோது, விரலை நனைத்துக் கீழ்த்தட்டின் பக்கவாட்டில் ஒரு சிலுவை போட்டேன். தட்டின் முகத்தில் இல்லையே, பக்கத்தில்தானே என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். விரல் விளிம்பின் பூச்சைத் தொட்டதை உணர்ந்தேன்... உணர்ந்தும் சோதனைப் பெட்டியின் மூடியைப் போட்டுவிட்டேன். அது பக்தியா? இல்லை, பயம். வெறும் பயம்.

மேலே, எடை மறைந்ததும் பாலம் எழுந்தது. அழகாக நின்றது. பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்து, விளிம்பைத் தாண்டி வழிந்து, அறுந்தது. மறுமுறையும் அப்படியே. ஒவ்வொரு முறையும் அப்படியே!

"அவள் கை நடுங்கிவிட்டது, அளவுக்கு மீறிச் செலுத்திவிட்டாள்" என்று குழுத்தலைவர் முடிவு கட்டினார்.

தரையிறங்கியதும் பெட்டியை முதலில் திறந்தவன் நான். நான் விரல் வைத்த இடத்தில் மட்டும் எண்ணெய் விளிம்பைத் தாண்டி இறங்கியிருந்தது. மற்ற இடமெல்லாம் சுத்தம். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை... துடைத்துவிட்டேன். எண்ணெய் வைத்ததையாவது அறியாமை என்று மன்னிப்பீர்கள். துடைத்ததை என்னவென்பீர்கள்?

மெஹ்ரூன் வெளியே சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "என் கைதான் லா... கூட ஊத்திட்டேன் போல."

"விடு மெஹ்ரூன். யாருக்கு வேணும்னாலும் நடக்கும்" என்றேன். என் குரலில் அவ்வளவு கனிவு இருந்தது! அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அடுத்த பயணத்தில் அவளுடைய இடம் வேறொருவருக்குப் போனது. அவள் ஆய்வையே விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பினாள். அந்தப் பயணத்தில் நான் போனேன். இம்முறை குப்பியைத் திறக்கவில்லை. பாலம் நின்றது, ஓட்டம் அலையத் தொடங்கியதை நான் பார்த்தேன். அவள் பார்க்கவேண்டியதை... பட்டமும் வேலையும் அதன்பிறகு தானாக வந்தன.

சென்ற மாதம் அம்மாவைப் பார்க்கப் போனபோது, மனம் கேட்காமல் மெஹ்ரூனின் கடைக்குள் நுழைந்தேன். இப்போது கடையை நடத்துவது அவள்தான். தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். மேசையில் சிந்தியிருந்த கெட்டிப்பாலை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு ஒட்டி, மெதுவாகப் பிரித்தாள். அது அறுந்தது.

"இன்னும் வெளங்கல லா. அளவு சரியாத்தான் வெச்சேன்... எங்க தப்புப் பண்ணேன்?"

இதோ, வாய்ப்பு! கேட்கிறாள்! நான் தேத்தண்ணியைக் கலக்கினேன்.

"பழச ஏன் கிளறுற" என்றேன்.

"இல்ல... அன்னிக்கு எல்லாரும் என்னையத்தான் சொன்னாங்க. நீ ஒருத்தன்தான் என்னைய ஒரு வார்த்த கொற சொல்லல. இன்னிக்கும் தொழுதா துஆவுல உன்னையும் சேத்துக்குவேன்."

அவள் எழுந்து அடுத்த மேசைக்குப் போனாள். நான் தேத்தண்ணியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.