நெஞ்சில் ஒரு பூனை, பஞ்சாரத்தில் ஒரு பூனை

சுனாமிக்குப் பிறகு மரக்காணம் உப்பளத்துக்கு வந்த நிவாரண மூட்டை ஒன்றில் நீல நிற டி-சர்ட்டுகள் மட்டுமே இருந்தன. எல்லாவற்றின் நெஞ்சிலும் பல்லைக் காட்டிச் சீறும் காட்டுப்பூனை. அமெரிக்காவில் ஏதோ ஒரு பல்கலைக்கழக விளையாட்டு அணியின் சின்னம் அது. அந்தக் கோடையில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்களைத் தூரத்திலிருந்து பார்த்தால், அந்த அணிதான் பயிற்சிக்கு வந்திருக்கிறது என்று தோன்றும்.

பின்னாலேயே அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மாணவன் வந்தான். பள்ளிக்கூட வாசலில் வைப்பதற்காக, பெரிய ஒட்டுப்பலகையில் அதே பூனையை வரைந்துகொண்டிருந்தான். அதற்கும் நிவாரணப் பணி என்றுதான் பெயர். நாளிதழுக்காக அவனிடம் பேசிக்கொண்டிருந்தேன். உப்பளத்தில் வேலை செய்யும் பெண் ஒருவர் ஓடி வந்தார்.

"சார், அந்தத் தம்பிய கூட்டினு வாங்க. அவுரு பூன எங்கூட்ல மாட்டிக்கினு இருக்குது."

அவர் வீட்டில், கோழியை மூடி வைக்கும் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மேலே கல் வைத்திருந்தார்கள். அதற்குள் காட்டுப்பூனை இருந்தது. மணல் நிறம், நீண்ட கால்கள், காது நுனியில் கொஞ்சம் கறுப்பு மயிர். சீறவில்லை. எங்களைப் பொருட்படுத்தவும் இல்லை. பெண்ணின் கணவர் கழியோடு நின்றார். துவைத்துத் துவைத்து அவர் நெஞ்சிலிருந்த பூனைக்குப் பாதிப் பல் போயிருந்தது.

"நவுருங்க சார். ரெண்டு கோழிய முழுங்கிடுச்சி. ஒரே போடு."

மாணவன் குறுக்கே போய் நின்றான். அடிக்கக் கூடாது என்று அவன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்.

"அவுங்க ஊர்ல இத என்னா பண்ணுவாங்களாம்?" என்று பெண் கேட்டார்.

அவன் காட்டுப்பூனையை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவையாம். அங்கே ஆட்டம் நடக்கும்போது ஒரு பையன் பூனை உடுப்பை மாட்டிக்கொண்டு குதிப்பானாம்.

"உள்ள ஆளா! அப்ப அது கோழி துன்னாது. இது துன்னுதே தம்பி. மிச்சம் இருக்கறது ஒண்ணு, அதுவும் அடையில உக்காந்துகினு இருக்குது. இத உட்டா அதுக்கு யாரு காவல்?"

மொழிபெயர்த்தேன். பள்ளிக்கூடத்துக்கு ஓடியவன், பெயிண்ட் காயாத ஒட்டுப்பலகையோடும் பள்ளி ஜன்னலுக்கு வாங்கிய கம்பி வலையோடும் திரும்பினான். கணவர் கழியைக் கீழே போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தார். கோழி அடை உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றியே கூண்டு எழும்பியது. பூனை முகம் வெளியே பார்த்தபடி பலகை கதவானது. அப்புறம்தான் பஞ்சாரத்தைத் தூக்கினார்கள். பூனை ஓடக்கூட இல்லை. நடந்தே வேலிக்காத்தான் புதருக்குள் போனது.

இரண்டு பூனைகளின் படத்தையும் அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. "ஏம்பா, ஒண்ணு சும்மா வீட்டுப் பூன மாதிரி இருக்குதே?" பலகையில் இருந்ததுதான் அச்சானது.

செய்தித்தாளைக் கொடுக்க மறுபடி போனேன். கூண்டைச் சுற்றிச் சேற்றில் பாதத் தடங்கள். உள்ளே கோழி இருந்தது. இறக்கைக்கு அடியில் குஞ்சுகளின் சத்தம் கேட்டது. கதவில், வரைந்த பல்லிலிருந்து கீழே ஒரு கறை வழிந்திருந்தது. நாற்றம் தாங்கவில்லை.

பெண் மூக்கைப் பொத்திக்கொண்டு செய்தித்தாளைப் பார்த்தார்.

"இத போட்டீங்களா? இதும் மேலதான் சார் அது மூத்திரம் பேஞ்சிட்டுப் போயிருக்குது."